வேங்கிக்காலில் ஓர் இத்தாலிய ஒப்பாரி

எங்கள் தெருவில் ரிட்டயர்ட் பி.டி. வாத்தியார் ஜினராஜ் இரண்டு முறை இறந்தார். முதல் முறைக்கு நான்தான் பொறுப்பு.

நான் அவருடைய மருமகள் நிவேதா. வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸுக்கு எதிரே நானும் என் கணவர் ஜினேஷும் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறோம். திங்கட்கிழமை மனு நாள் என்பதால் அன்று மூச்சுவிட நேரம் இருக்காது. மற்ற நாட்களில் மூச்சும் விடலாம், பாடவும் செய்யலாம்.

பாட்டு என்றதும் பெரிதாக எதையும் நினைத்துவிட வேண்டாம். ஆரணிப் பக்கம் எங்கள் ஊர் ஜினாலயத்தில் சின்ன வயதில் தோத்திரம் சொன்ன குரல், அவ்வளவுதான். அது வீணாகப் போகக்கூடாது என்று அப்பா ஒரு பாட்டு டீச்சரிடம் கொண்டுபோய் விட்டார். அந்த அம்மா கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தார். பிறகு, இந்தப் பெண் குரல் நேராகப் போகிறது, வளையவே மாட்டேன் என்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார். கமகம் வராத குரலுக்குக் கர்நாடக சங்கீதத்தில் என்ன வேலை? நான் சபதம் எதுவும் எடுக்கவில்லை. வாயை மூடிக்கொண்டேன். மறுபடி திறந்தது கடைக்கு மெஷின் வந்த பிறகுதான். எங்கள் பழைய ஜெராக்ஸ் மெஷின் ஓடும்போது விடாமல் ஒரே சுருதியில் முனகும். அதோடு சேர்ந்து நானும் முனகுவேன். பக்கம் ஜாஸ்தி என்றால் பாட்டும் ஜாஸ்தி.

அப்படி ஒரு நாள்தான் கிளாரா கடைக்கு வந்தார். பெல்ஜியத்துக்காரர், அறுபதைத் தாண்டியவர், ரமண நகரில் பல வருடமாகக் குடியிருக்கிறார். ஐரோப்பாவில் பல நூறு வருடத்துக்கு முன்னால் மடங்களிலும் அரண்மனைகளிலும் பாடிய பாட்டுகளின் நோட்ஸை காப்பி எடுக்க வந்திருந்தார். எடுத்துக் கொடுத்தேன். போகவில்லை. இன்னொரு காப்பி கேட்டார். அதையும் கொடுத்தேன். இன்னும் ஒன்று என்றார். மூன்றாவது காப்பி ஓடும்போதுதான் எனக்கு உறைத்தது, அந்த அம்மாவுக்கு வேண்டியது காகிதம் இல்லை என்று.

அவர் பாடுகிற பழைய பாட்டுகளுக்கு ஆடாத, வளையாத, நேரான குரல்தான் வேண்டுமாம். அதற்காக அவர் ஊரில் வருடக்கணக்கில் பாடுபடுகிறார்களாம். டீச்சர் அம்மா குறை என்று சொல்லி அனுப்பியதை இந்த அம்மா தேடிக்கொண்டு வந்து நிற்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது. அன்று ராத்திரி கொஞ்சம் அழுகையும் வந்தது, ஆனால் எங்கள் வீட்டில் அழுகைக்கு அனுமதி இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

கிளாரா ஒரு கச்சேரி வரிசை திட்டமிட்டிருந்தார். மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை. பௌர்ணமியை ஒட்டி வராத சனிக்கிழமையாகப் பார்த்துக்கொண்டார், ஏனென்றால் அந்த நாட்களில் இந்த ஊரில் ஆட்டோ நகராது. இடம், அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டி மூடிக்கிடந்த ஒரு சத்திரத்தின் சாப்பாட்டுக் கூடம். அந்தக் கூடத்தில் இருமினால்கூட நல்ல குரல் மாதிரி கேட்கும். முதல் கச்சேரியில் கன்னியர் மடங்களில் பாடிய மிகப் பழைய பாட்டுகள். பிறகு ஒவ்வொரு மாதமும் காலத்தில் கொஞ்சம் கொஞ்சமாக முன்னேறி, கடைசிக் கச்சேரியில் நானூறு வருடத்துக்கு முந்தைய இத்தாலிக்கு வந்து நிற்கும். பாடுகிறவர்கள் என்னையும் சேர்த்து ஐந்து பேர். ஒவ்வொருவருக்கும் தனித்தனி வரி. ஒருவர் வராவிட்டால் கால் உடைந்த கட்டில்தான். அடிக்குரல் பாடியவர் வேடியப்பன், பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். அவர் வேனில் பிள்ளைகள் சத்தம் போட்டால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார், ஒரு சொல் சொல்வார், வேன் அடங்கிவிடும். அந்தக் குரல்.

முதல் கச்சேரிக்கு வெள்ளைக்காரர்கள்தான் வந்தார்கள். அடுத்ததற்கு, மலை சுற்றும்போது தண்ணீர் குடிக்க ஒதுங்கியவர்கள் சிலர் வாசலில் நின்றார்கள். அதற்கு அடுத்ததில் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். நம் ஆட்களுக்குப் பாட்டு என்றால் கை சும்மா இருக்காது. தாளம் போடப் பார்த்தார்கள். இந்தப் பாட்டில் எங்கே தட்டுவது என்று பிடிபடாமல் கையைத் தொடையிலேயே வைத்துக்கொண்டார்கள். ஆனாலும் எழுந்து போகவில்லை. எனக்கு அதில் ஒரு கர்வம்.

வீட்டில் யாரும் தடுக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நாங்கள் நயினார்கள், சமணர்கள். பொழுது சாய்ந்தபின் சாப்பிட மாட்டோம். இது தெரிந்ததும் கிளாரா ஒத்திகை நேரத்தையே மாற்றி, வெளிச்சம் இருக்கும்போதே என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். என் மாமியார் சுனந்தாவுக்கு அது ஒன்றே போதுமானதாக இருந்தது. மாமாவுக்கு நான் பாடப் போவது பெருமை. மைதானத்தில் விசில் ஊதியே வாழ்நாளைக் கழித்தவர். மருமகள் மேடை ஏறுவதை ஏதோ மாவட்டப் போட்டிக்குத் தேர்வான மாதிரி தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தார். ஆனால் ஒரு கச்சேரிக்கும் வர முடியவில்லை. இதயம் பம்ப் பண்ணுவது கம்மியாகிவிட்டது என்று டாக்டர் சொல்லி, முன்னறைக் கட்டிலோடு முடங்கியிருந்தார்.

கடைசிக் கச்சேரிக்கு கிளாரா எனக்கென்று ஒரு தனிப்பாட்டு கொடுத்தார். யார் எழுதியது என்று தெரியாத பாட்டு. கப்பலில் போன கணவன் திரும்பவில்லை. மனைவி கரையில் நின்று கடலிடம் கேட்கிறாள், அவனைத்தான் தரவில்லை, உடம்பையாவது கொடு என்று. அடியில் வேடியப்பன் நான்கே நான்கு ஸ்வரங்களை மேலிருந்து கீழே இறக்கிக்கொண்டே இருப்பார், கடைசிவரை அதே நான்கு. அதன்மேல் அவள் அழ வேண்டும். அந்தக் காலத்து இத்தாலியில் இப்படிப்பட்ட புலம்பல்களை மேடையில் பாடுவது பெரிய கலையாம்.

எனக்கு அந்தப் பாட்டு வேண்டும். ஐந்து பேரில் ஒருத்தியாக இல்லாமல், நான் மட்டும் எழுந்து நின்று பாடுகிற முதல் பாட்டு. வளையாத குரல் என்று திருப்பி அனுப்பப்பட்டவளுக்கு அது எவ்வளவு பெரிது என்று விளக்க வேண்டியதில்லை.

ஒப்பாரி என்றதும் உங்களுக்கு ஒன்று தோன்றியிருக்கும். எனக்குத் தோன்றவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது, சுருதிக்கு வசதி என்று சமையலறை ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு முழுக் குரலில் பாடினேன்.

எதிர்வீட்டுக் கன்னியம்மாள் வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். மாமாவின் நிலைமை தெருவுக்கே தெரியும். அந்த வீட்டிலிருந்து மருமகள் இழுத்து இழுத்து அழுகிற சத்தம் கேட்டால் நல்ல அண்டைவீட்டுக்காரி என்ன செய்வாளோ அதைத்தான் அவளும் செய்தாள். வாளியைப் போட்டுவிட்டு, கொண்டையை அவிழ்த்துக்கொண்டு, கேட்டிலேயே ஒப்பாரியை ஆரம்பித்து உள்ளே வந்தாள். அவள் வீட்டுக்காரர் சுப்பிரமணி இன்னும் நல்லவர். அதற்குள் ஐஸ் பாக்ஸுக்கு போன் போட்டுவிட்டார். ஷாமியானாவுக்கும் சொல்லிவிட்டார், பந்தல்காரர் அவருக்கு மச்சான் முறை.

மாமா கட்டிலில் சாய்ந்து ராகிக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். கன்னியம்மாள் தலையைக் கவிழ்த்துக்கொண்டு வந்ததால் அவரைப் பார்க்கவில்லை. கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். என் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் வாங்கித் தந்த மகராசனே, ஊர் சுற்றின பையனை ஓட்டப்பந்தயத்தில் சேர்த்துப் போலீஸ் வேலைக்கு அனுப்பின தெய்வமே என்று வரிசையாக எடுத்தாள். மாமா டம்ளரைச் சத்தமில்லாமல் கீழே வைத்துவிட்டு முழுவதையும் கேட்டார். அவள் மூச்சு வாங்க நிறுத்தியபோதுதான் வாயைத் திறந்தார்.

"நல்லா சொன்ன கன்னியம்மா. ஸ்டேட் லெவல்ல கப்பு வாங்கினத மட்டும் வுட்டுட்ட."

கன்னியம்மாள் மயங்கி விழுந்தாள். அவளுக்குத் தண்ணீர் தெளித்து எழுப்புவதற்குள் ஐஸ் பாக்ஸ் வண்டி வந்துவிட்டது. ஆள் உயிரோடு இருக்கிறார் என்று சொல்லி அதைத் திருப்பி அனுப்ப ஜினேஷ் பட்ட பாடு கொஞ்சமல்ல. மாமா அன்று முழுவதும் உற்சாகமாக இருந்தார். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் செத்தபின் தனக்கு என்ன பேர் என்று இப்போதே தெரிந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அத்தை சிரிக்கவில்லை. கன்னியம்மாளுக்குக் காபி கொடுத்து, முடியைக் கட்டிவிட்டு அனுப்பினார். பிறகு சமையலறைக்கு வந்து ஜன்னலைச் சாத்தினார். அத்தைக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும்.

"இந்த வீட்ல அந்தப் பாட்டு இனிமே வேணாம்மா" என்றார்.

சாவுக்கு அழக்கூடாது என்பார்கள் எங்களில் பெரியவர்கள். அழுகை, போகிற உயிரைப் பின்னால் இழுக்குமாம். அழுகிறவருக்கும் வினை சேருமாம். பல வீடுகளில் இதைச் சொல்வார்கள், சொல்லிவிட்டு அழுவார்கள். அத்தை சொன்னதைச் செய்கிறவர். அவருடைய அம்மா இறந்தபோது தலைமாட்டில் உட்கார்ந்து பஞ்ச நமஸ்கார மந்திரம் சொன்னாராம், அதைத் தவிர அவர் வாயிலிருந்து வேறு சத்தம் வரவில்லையாம். அதை ஊரில் இன்றும் பெருமையாகச் சொல்கிறார்கள். சிலர் பெருமையில்லாமலும் சொல்கிறார்கள். அப்படிப்பட்டவரிடம் போய், இது வெறும் பாட்டு அத்தை என்று வாதாட எனக்கு வாய் வரவில்லை. கட்டிலில் அவர் கணவர் அந்த நிலையில் இருக்கும்போது, சாவுப் பாட்டைக் கேட்டுக்கொண்டு சாம்பார் கொதிக்கவிட அவரால் எப்படி முடியும்?

ஆக, பயிற்சிக்கு இடம் இல்லை. கடையில் மெஷினோடு சேர்ந்து பாடிப் பார்த்தேன். மனு கொடுக்க வந்த ஒரு பெரியவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, அழாதம்மா, மாடியில் மூணாவது ரூம்ல ஒரு மேடம் இருக்காங்க, அவங்க கேப்பாங்க என்று வழி சொன்னார். ஸ்கூட்டியில் போகும்போது ஹெல்மெட்டுக்குள் பாடினேன். சிக்னலில் நிற்கும்போதும் நிறுத்தாமல் பாடியதில் பக்கத்து பைக்கில் இருந்தவர் பயந்துபோய் முன்னால் நகர்ந்துகொண்டார்.

ஒத்திகையில் கிளாரா முகம் தெளியவில்லை. ஸ்வரம் சரி, சொல் சரி, எல்லாம் சரி. அதுதான் தவறு என்றார். வேடியப்பனின் நான்கு ஸ்வரங்களும் கடிகாரம் மாதிரி போகும். கரையில் நிற்கிறவள் அதற்குள் அடங்கக்கூடாது, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தாமதமாக வந்து சேர வேண்டும். அழுகிறவள் எங்கேயாவது நேரத்துக்கு வருவாளா என்று கேட்டார். நானோ ஒவ்வொரு முறையும் டாண் என்று வந்து நின்றேன். சின்ன வயதில் கற்றது தாளம் ஒன்றுதான், அதை மட்டும் எப்படி விடுவது? நான்காவது ஒத்திகையில் கிளாரா என் கையைப் பிடித்துக்கொண்டு, புதுச்சேரியில் தனக்குத் தெரிந்த ஒரு பாடகி இருக்கிறாள், நீ கஷ்டப்படாதே என்று மிகவும் அன்பாகச் சொன்னார். அந்த அன்பு எனக்கு அறை மாதிரி விழுந்தது. ஒரு வாரம் கொடுங்கள் என்றேன்.

அந்த வாரத்தில் ஒரு மத்தியானம் அத்தை கோயிலுக்குப் போயிருந்தார். நான் மாமாவுக்கு மாத்திரை கொடுக்க வந்தேன். மாத்திரையை வாங்கிக்கொண்டவர், அந்தப் பாட்டைப் பாடு என்றார். அத்தை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார் என்றேன். அவரிடம் விளையாட்டுப் பேச்சு போய்விட்டது.

"உங்க அத்தை அழமாட்டா. நான் போனா மந்திரம் சொல்வா, அது சரிதான், அதுல தப்பு சொல்ல மாட்டேன்" என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி சொன்னார். "ஆனா அன்னைக்குக் கன்னியம்மா அழும்போது நல்லா இருந்துச்சும்மா. ஒருத்தராவது அழணும்னு இருக்கு எனக்கு."

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். கீழே யாராவது நான்கு ஸ்வரம் போட வேண்டும், இல்லாவிட்டால் பாட முடியாது என்றேன். ஸ்வரம் தெரியாது, லெஃப்ட் ரைட் தெரியும் என்றார். நான்கு ஸ்வரத்துக்கு நான்கு தட்டு, கட்டில் சட்டத்தில் உள்ளங்கையால் போட ஆரம்பித்தார். நான் சன்னமாகப் பாடினேன்.

இரண்டு சுற்று ஒழுங்காகப் போனது. மூன்றாவது சுற்றில் அவருக்கு மூச்சு வாங்கியது. நாலாவது தட்டு விழவில்லை. நான் வந்து நிற்க வேண்டிய இடத்தில் தரையே இல்லை. காத்திருந்தேன். குரலை விடாமல், நீட்டிக்கொண்டு, அவர் கைக்காகக் காத்திருந்தேன். கை விழுந்தது. அதற்குப் பிறகுதான் என் சொல் வந்து சேர்ந்தது. அடுத்த சுற்றிலும் அப்படித்தான். எங்கே தட்டு நிற்கும் என்று தெரியாமல், ஒவ்வொரு முறையும் பயந்து பயந்து, அந்த மனிதரை முந்திப் போய்விடக் கூடாதே என்று பின்தங்கிப் பின்தங்கிப் பாடினேன். கிளாரா இத்தனை நாள் கேட்டது இதுதான் என்று பாதியில் எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததில் சந்தோஷம் வரவில்லை. அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாட்டு முடிந்தபோது மாமா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். மார்பு ஏறி இறங்கிற்று. திரும்பினால் அத்தை கேட்டுக்கு வெளியே, கையில் பூஜைக் கூடையோடு நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார், எதிலிருந்து கேட்டார் என்று தெரியாது. உள்ளே வந்து, செருப்பை ஓரமாக விட்டு, மாத்திரை போட்டாரா என்று கேட்டார். போட்டார் என்றேன். சமையலறைக்குள் போய்விட்டார்.

அடுத்த ஒத்திகையில் பாடி முடித்ததும் கிளாரா முகம் தெளிந்தது. புதுச்சேரிப் பாடகியின் பேச்சு அதோடு போயிற்று. வேடியப்பன் மட்டும், இன்னா நிவேதா இப்படி காக்க வெக்கிற, எனக்கு மூச்சு முட்டுது என்று அலுத்துக்கொண்டார்.

கச்சேரி நடக்க இருந்த வாரம், செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் மாமா இறந்தார். இந்த முறை உண்மையாக.

அத்தை அவர் தலைமாட்டில் உட்கார்ந்து காதருகே மந்திரம் சொன்னார். மூச்சு நிற்பதற்கு முன்பு தொடங்கியவர், நின்ற பிறகும் நிறுத்தவில்லை. ஜினேஷ் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். கன்னியம்மாள் வந்தாள். முதல் தடவை ஏமாந்தவள் என்பதால் கேட்டில் நின்று என்னிடம் நிஜமா என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தாள். அவரைப் பார்த்ததும் அவளுக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. அத்தை கையை உயர்த்தி வேண்டாம் என்று காட்டினார். கன்னியம்மாள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு மூலையில் போய் உட்கார்ந்தாள். அன்றைக்கு அவ்வளவு நன்றாக அழுதவள், இப்போது அழ வேண்டிய நேரத்தில் அழ முடியாமல் தோள் குலுங்க உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோது எனக்கு அத்தைமேல் கோபம் வந்தது. உண்மையைச் சொன்னால் வெறுப்பே வந்தது. ஒருத்தராவது அழணும் என்றுதானே கேட்டார் அந்த மனிதர்? அந்த ஒருத்தி இதோ உட்கார்ந்திருக்கிறாள். நானும் இருந்தேன். நானும் அழவில்லை. வீடு முழுக்க ஆட்கள், மந்திரச் சத்தம் ஒன்றுதான். மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

கிளாராவுக்கு போன் செய்து வர முடியாது என்றேன். காரியம் முடியாத வீட்டிலிருந்து மருமகள் மேடை ஏறுவதை எங்கள் சனம் பொறுக்காது. புதுச்சேரிப் பாடகியைக் கூப்பிடுங்கள் என்று நானே சொன்னேன். கிளாரா மறுத்துவிட்டார். அந்தப் பாட்டு இனி உன்னுடையது, நீ பாடாவிட்டால் அந்த இடத்தில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருப்போம் என்றார்.

சனிக்கிழமை மத்தியானம் உறவுக்காரர்களுக்குச் சாப்பாடு போட்டு முடித்து, பாத்திரம் ஒழித்துக்கொண்டிருந்தேன். அத்தை வந்து நின்றார்.

"கச்சேரி இன்னைக்குத்தானே? இன்னும் கிளம்பலயா?"

நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டதைச் சொன்னேன். பின்னால் உட்கார்ந்திருந்த மாமாவின் தங்கை, அது எப்படிப் போகலாம், நாலு பேர் என்ன பேசுவார்கள், அதுவும் பாட்டுக் கச்சேரிக்கா என்று ஆரம்பித்தார். அத்தை அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. என் கையிலிருந்த பாத்திரத்தை வாங்கிக்கொண்டார். குரல் நன்றாக இறங்கியிருந்தது. ஆனால் கோபம் இல்லை என்பது கிட்டே நின்ற எனக்குத் தெரிந்தது.

"இந்த வீட்ல நான் அழவுட மாட்டேன். அது என்னோட விரதம், கடைசி வரைக்கும் அப்படித்தான்" என்றார். "நீ அங்க போயி பாடு. பாட்டுதானே, வினை சேராது."

புடவை மாற்றக்கூட இல்லை. ஜினேஷ் ஸ்கூட்டியை எடுத்தார். அடி அண்ணாமலை போய்ச் சேரும்போது மற்ற நால்வரும் பாடிக்கொண்டிருந்தார்கள். கூடம் நிறைந்திருந்தது. வெள்ளைக்காரர்கள் நாற்காலியில், நம் ஆட்கள் பாயில். கிளாரா என்னைப் பார்த்தார், என் பாட்டு வரும் இடத்தில் நகர்ந்து வழிவிட்டார்.

வேடியப்பன் நான்கு ஸ்வரங்களை இறக்கினார். எனக்கு என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் தடுமாறாமல், கடிகாரம் மாதிரி இறக்கினார். அவர் தடுமாறக் கூடாது, அது அவர் வேலை. தாமதம் என் வேலை. நான் மாமாவின் உள்ளங்கை கட்டில் சட்டத்தில் விழுவதற்குக் காத்திருந்தேன். அது விழாது என்று தெரிந்தும் காத்திருந்தேன். காத்திருந்து, இனிமேல் வராது என்று நிச்சயமான பிறகு ஒவ்வொரு சொல்லாகப் பாடினேன். அவனைத் தரவில்லை, உடம்பையாவது கொடு. நான் அழவில்லை. பாடுகிறவள் அழுதால் தொண்டை அடைத்துக்கொள்ளும், பாட்டு நின்றுவிடும். குரல் நேராகப் போயிற்று, எப்போதும் போல, வளையாமல். அதில் ஏறிப் போக வேண்டியதெல்லாம் ஏறிப் போயிற்று.

பாட்டுக்கு அர்த்தம் தெரிந்தவர்கள் அந்தக் கூடத்தில் நான்கைந்து பேர் இருந்தால் அதிகம். மலை சுற்ற வந்து ஒதுங்கிய ஒரு அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். பக்கத்தில் இருந்த அவர் மகன் என்னம்மா என்ன என்று கேட்டுக்கொண்டிருந்தான். முன் வரிசையில் ஒரு உயரமான வெள்ளைக்காரர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார், கண்ணைத் துடைக்கவும் இல்லை. வாசலோரம் ஒரு பூக்காரப் பெண் கூடையை அணைத்துக்கொண்டு தேம்பினாள். அவளுக்கு யார் நினைவுக்கு வந்தார்களோ. முடிந்த பிறகு வேடியப்பன் எழுந்து பின்பக்கம் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு, நெடுநேரம் கழித்துத்தான் திரும்பி வந்தார்.

வீடு திரும்பும்போது இருட்டிவிட்டது. உறவுக்காரர்கள் பெரும்பாலும் கிளம்பியிருந்தார்கள். மாமாவின் கட்டிலை எடுத்துவிட்ட முன்னறை பெரிதாகத் தெரிந்தது. அந்த இடத்தில் பாயைப் போட்டு அத்தை உட்கார்ந்திருந்தார். ஜினேஷ் வண்டியை உள்ளே தள்ளப் போனார். நான் கால் கழுவிக்கொண்டு வந்து அத்தைக்கு எதிரில் உட்கார்ந்தேன்.

பாடினாயா என்று அவர் கேட்கவில்லை. நன்றாக வந்ததா என்றும் கேட்கவில்லை.

"அழுதாங்களா?" என்றார்.

"கொஞ்ச பேரு அழுதாங்க அத்தை."

"அவர இன்னாருன்னே தெரியாதவங்கதானே?"

"ஆமா. தெரியாதவங்கதான்."

அத்தை பாயின் ஓரத்தைக் கையால் நீவிக்கொண்டிருந்தார். நீவிய இடத்தையே மறுபடி மறுபடி நீவினார்.

"போதும்" என்றார். "அவரு கேட்டதே ஒருத்தரத்தான்."